மெதுவா வளைச்சா வில்லு, முட்டுனா கண்ணாடி: ரப்பர் கலந்த எபாக்ஸி ஏன் இப்படி பண்ணுது?

ஏப்ரல் 21, காலை 8.10 (நாகப்பட்டினம் பக்கத்துலேர்ந்து ஒரு நண்பர் கேட்டது)

சார், என் மச்சான் அக்கரைப்பேட்டை பக்கம் ஃபைபர் படகு ரிப்பேர் பாக்குறாரு. ஒரு படகுக்கு அணியத்துல (முன்பக்கம்) ஓட்டை, ரப்பர் கலந்த எபாக்ஸி, அதான் ஹார்டனர் கலந்தா கெட்டியா இறுகுற ரெசின், வாங்கி பேட்ச் போட்டாரு. மீந்த ரெசின்ல ஒரு பட்டை ஊத்தி வச்சு எங்க முன்னாடியே கையால வளைச்சு காட்டுனாரு, வில்லு மாதிரி வளைஞ்சுது, உடையல. மூணு வாரம் போச்சு, படகு கரையேறும்போது தூண்டில் வளைவு (கடல் அரிப்பத் தடுக்க கொட்டுன கல் தடுப்பு) கல்லுல முட்டி பேட்ச் சில்லு சில்லா போயிடுச்சு. ரப்பர் கலந்தது எப்படி சார் கண்ணாடி மாதிரி உடையும்? டப்பா டூப்பா, மச்சான் டூப்பா?

ஏப்ரல் 21, ராத்திரி 9.50

ரெண்டு பேரும் டூப் இல்ல. மச்சான் வளைச்ச வேகம் வேற, கல்லுல முட்டுன வேகம் வேற.

திருவிழாவுல மூங்கில் கம்புல சுத்தி, மேல கை தட்டுற பொம்மை வச்சு விப்பாங்களே சவ்வு மிட்டாய், அத மெதுவா இழுத்தா முழ நீளத்துக்கு நூலா வரும், வாட்ச் செஞ்சு கையில கட்டி விடுவாங்க. அதையே வெடுக்குனு இழுத்துப் பாருங்க, பட்டுனு முறியும். மிட்டாய் அதேதான், வேகந்தான் மாறுச்சு. பிளாஸ்டிக் எல்லாத்துக்கும் கொஞ்சமோ நிறையவோ இந்த குணம் உண்டு, ரப்பர் கலந்த எபாக்ஸிக்கு நல்லாவே உண்டு.

நான் தஞ்சாவூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல லேப் பாக்குறவன், இருபது வருசம் முன்ன எம்டெக் படிக்கும்போது ஒன்றரை வருசம் இந்த சாமானத்தோடதான் குடும்பம் நடத்துனேன், அந்த நாத்தம் இன்னும் மூக்குலயே இருக்கு. சுருக்கமா சொன்னா, ரப்பரும் ரொம்ப வேகமா இழுத்தா ரப்பரா இருக்காது, உறைஞ்சு போன மாதிரி ஆயிடும். உள்ள இருக்குற ரப்பர் துளி உறைஞ்சுட்டா எபாக்ஸி பழையபடி கண்ணாடி. அதான் உடைஞ்சுது.

ஏப்ரல் 21, ராத்திரி 11.15

படுத்தவன் எந்திரிச்சு எழுதுறேன். வேகம் வேறன்னு சொன்னேன், எவ்வளவு வேறன்னு சொல்லல. லேப்ல டஃப்னஸ், அதாவது விரிசல் ஓடாம தாக்குப்பிடிக்கிற தெம்பு, பாக்குற வழக்கமான டெஸ்ட்ல மிஷின் நிமிசத்துக்கு 10 மில்லிமீட்டர் நகரும், அதாவது செகண்டுக்கு 0.17 மில்லி. நத்தைக்கே கோவம் வரும். படகு மணிக்கு 15 கிலோமீட்டர்ல கரைக்கு வந்தா செகண்டுக்கு 4 மீட்டருக்கு மேல. வகுத்துப் பாருங்க, 25,000 மடங்கு. டப்பாவுல போட்டிருக்குற நம்பர் பெரும்பாலும் அந்த நத்தை வேகத்து நம்பர்.

ஏப்ரல் 22, காலை 6.30

நேத்து ராத்திரி நான் எழுதுன முதல் விளக்கம் பாதி தப்பு. காபி குடிக்கும்போதுதான் உறைச்சுது. அழிக்கல, இருக்கட்டும், நிறைய பேர் இதே தப்பத்தான் சொல்றாங்க.

எபாக்ஸில கலக்குற திரவ ரப்பருக்குப் பேரு சிடிபிஎன், அது அதுல சேந்திருக்குற அக்ரிலோநைட்ரைல்ங்கற பொருளோட அளவப் பொறுத்து மைனஸ் 40லேர்ந்து மைனஸ் 60 டிகிரிக்குள்ளதான் உறைஞ்சு கண்ணாடி ஆகும். வேகம் பல்லாயிரம் மடங்கு கூடுனா அந்த உறையுற புள்ளி சில பத்து டிகிரி மேல ஏறும்னே வச்சுக்குவோம். அப்பக்கூட நம்மூரு 32 டிகிரிக்கு கிட்டயே வராது. மார்கழி விடியக்காலையிலயும் இங்க 20 டிகிரி இருக்கு. ஆக மச்சானோட பேட்ச்ல ரப்பர் உறையல. ரப்பர் ரப்பராத்தான் இருந்துச்சு, சுத்தி இருந்த எபாக்ஸிக்குத்தான் நேரம் பத்தல.

நிறைய பேர் நினைக்கிறது, ரப்பர் துளி குஷன் மாதிரி அடிய வாங்கிக்குதுன்னு. அது வாங்கிக்கிறது ரொம்ப கம்மி. கலக்கும்போது ரப்பர் ரெசின்ல கரைஞ்சுதான் இருக்கும், ஹார்டனர் போட்டு இறுக ஆரம்பிச்சதும் மோர்ல வெண்ணெ திரள்ற மாதிரி பிரிஞ்சு ஒண்ணுலேர்ந்து அஞ்சு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) துளியா நிக்கும். விரிசல் ஒண்ணு அந்தப் பக்கம் வரும்போது அதோட நுனில இழுவிசை எல்லாத் திசையிலயும் இழுக்கும். அந்த இழுப்புல துளி உள்ளுக்குள்ளயே பிளந்து ஓட்டை ஆகும். ஓட்டை ஆனதும் சுத்தியுள்ள எபாக்ஸிக்கு ஒரு விடுதலை, இறுக்கிப் பிடிச்சிருந்த பிடி விட்டுப்போய் துளிக்கும் துளிக்கும் நடுவுல சாய்வாட்டம் நழுவி இளகும். அந்த நழுவல்லதான் சக்தி செலவாகுது. ரப்பர் கல்யாணத் தரகர் மாதிரி, ஆரம்பிச்சு வச்சுட்டு ஒதுங்கிக்கும், செலவெல்லாம் எபாக்ஸி வீட்டுக்காரங்களுது.

இது இன்னைக்கு நேத்து தெரிஞ்ச சங்கதி இல்ல. 1960-கள் கடைசில அமெரிக்காவுல எம்ஐடி-ல மெக்கேரி ஆளுங்க இந்த திரவ ரப்பர் வேலையப் பண்ணுனாங்க. 1983-ல கின்லாக், ஷா, டாட், ஹன்ஸ்டன் நாலு பேரும் வெப்பத்தையும் வேகத்தையும் மாத்தி மாத்தி உடைச்சுப் பாத்து, முக்கியமா செலவு பண்றது எபாக்ஸியோட நழுவல்தான்னு காட்டுனாங்க. எங்க புரொபசர் இத மூணு தடவ சொல்லிக் குடுத்தாரு. நான் இருபது வருசம் கழிச்சு ராத்திரி பத்து மணிக்கு 'ரப்பர் உறைஞ்சுடும்'னு எழுதுறேன்.

ஏப்ரல் 22, மதியம் 1.20

சரி, வேகத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எபாக்ஸி நழுவ ஆரம்பிக்க ஒரு குறைஞ்சபட்ச விசை வேணும், யீல்டுன்னு சொல்லுவோம். மூலக்கூறு சங்கிலிங்க ஒண்ண ஒண்ணு தாண்டி நகரணும், அதுக்கு நேரம் பிடிக்கும். நேரம் குடுத்தா கம்மி விசையில நகரும், குடுக்கலன்னா அதிக விசை கேக்கும். வேகம் பத்து மடங்கு ஏறும்போதெல்லாம் இந்த யீல்டு ஏறக்குறைய ஒரே அளவு படி ஏறும். பத்து மடங்குக்கு ஒரு படி, நூறு மடங்குக்கு ரெண்டு படி, நம்ம 25,000 மடங்குக்கு நாலரைப் படி. யீல்டு ஏறுச்சுன்னா விரிசல் நுனிய சுத்தி இளகுற வட்டம் சுருங்கும். வட்டம் சுருங்குனா அதுக்குள்ள அகப்படுற ரப்பர் துளி கம்மி, செலவாகுற சக்தியும் கம்மி, விரிசலுக்கு ஓட்டம் சுலபம்.

கணக்கு பிடிச்சவங்களுக்கு: அந்த வட்டத்தோட ஆரம், கே-ஒன்-சி-ய (டஃப்னஸ சொல்ற நம்பர்) யீல்டால வகுத்து, வர்க்கம் எடுத்து, ஆறு பை-யால வகுத்தா வரும். சாதா எபாக்ஸிக்கு கே-ஒன்-சி 0.7 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர், யீல்டு 80 மெகாபாஸ்கல்னு வையுங்க, 4 மைக்ரான் வரும். ஒரு ரப்பர் துளி சைஸ்தான். ரப்பர் கலந்ததுக்கு 2, 70 வச்சா 43 மைக்ரான், பத்து மடங்கு. இப்ப வேகத்தக் கூட்டி, உதாரணத்துக்கு 1.3, 85 வச்சுப் பாருங்க, 12 மைக்ரான்தான். வர்க்கம் இருக்குறதால சரசரன்னு இறங்குது.

டஃப்னஸ் டஃப்னஸ்னு எழுதிட்டே இருக்கேனே, தமிழ்ல எழுதக்கூடாதான்னு கும்பகோணத்துக்காரர் ஒருத்தர் கேட்டுட்டாரு. உரம்னு நல்ல பழைய வார்த்தை இருக்கு, நெஞ்சுரம்னு சொல்றோமே அது. ஆனா டெல்டாவுல உக்காந்துகிட்டு 'எபாக்ஸிக்கு உரம் கூட்டணும்'னு எழுதுனா ஏக்கருக்கு எத்தன மூட்டைன்னு கேப்பாங்க. டஃப்னஸே இருக்கட்டும்.

ஏப்ரல் 24, ராத்திரி 10.05

இன்னொரு விசயம் ரெண்டு நாளா அரிக்குது. மச்சான் பட்டைய வளைச்சுக் காட்டுனது டஃப்னஸ் டெஸ்டே இல்ல. கீறல் இல்லாத பட்டை வளையுறது அதோட பலத்தையும் விறைப்பையும் சொல்லும். டஃப்னஸ்னா ஏற்கனவே ஒரு விரிசல் இருக்கும்போது அது ஓடாம எவ்வளவு தாக்குப்பிடிக்குதுங்கறது. வழவழன்னு ஊத்துன பட்டைல விரிசலே இல்ல, எது ஓடும்?

இதுல நான் பட்ட அவமானத்தையும் சொல்லிடுறேன். எம்டெக்ல முதல் ஆறு மாசம் பட்டைக்கு கீறல ஆக்ஸா பிளேடால அறுத்தே போட்டுகிட்டு இருந்தேன். நம்பர் பிரமாதமா வந்துச்சு, சாதா எபாக்ஸியே ரப்பர் கலந்த மாதிரி காட்டுச்சு, நான் ஏதோ பெருசா கண்டுபிடிச்சுட்டோம்னு ஊருக்கு போன் போட்டு அம்மாகிட்ட கூட சொல்லிட்டேன். கைடு பாத்துட்டு ஒண்ணுமே பேசல, மேசையிலேர்ந்து புது சவரக்கத்தி பிளேடு ஒண்ண எடுத்து கீறலோட அடில வச்சு சின்ன சுத்தியால 'டொக்'குனு ஒரு தட்டு. மயிரிழை விரிசல் ஒண்ணு முன்னாடி ஓடுச்சு. 'இப்ப டெஸ்ட் பண்ணு'ன்னாரு. நம்பர் பாதியா விழுந்துச்சு. ஆக்ஸா அறுத்தது மொண்ணை, மொண்ணையான நுனி விரிசலா நடந்துக்காது. ஆறு மாசப் பட்டை அத்தனையும் குப்பைத்தொட்டிக்கு. அம்மாகிட்ட மறுபடி போன் பண்ணல.

ஏப்ரல் 25, காலை 7.00

மச்சான் கேக்கச் சொன்னாராம்: 'அப்ப டப்பாக்காரன் எந்த வேகத்துல டெஸ்ட் பண்ணுனான்னு டப்பாவுல ஏன் போடல?' நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கோவம் உண்டு. வேகம் எழுதாம டஃப்னஸ் எழுதுறது, நேரம் போடாம பஸ் டைம்டேபிள் ஒட்டுற மாதிரி.

ஏப்ரல் 25, சாயங்காலம்

மீன்பிடி தடைக்காலம் ஓடுதே, படகு எப்படி கடலுக்குப் போச்சுன்னு ஒருத்தர் சந்தேகம் கிளப்புறாரு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடை விசைப்படகுக்கு. கரையோரம் போற சின்ன ஃபைபர் படகுக்கு இல்ல. எபாக்ஸிக்கு வாங்க.

ஏப்ரல் 28, ராத்திரி 9.30

ஞாயித்துக்கிழமை பூரா வீட்டுக் கொல்லையில லேப் நடத்தியாச்சு. மச்சான் குடுத்தனுப்புன அதே ரெசின், கூடவே ரப்பர் இல்லாத சாதா ரெசின், ரெண்டையும் அலுமினிய ஆங்கிள்ல ஓஎச்பி ஷீட் விரிச்சு பட்டையா போன வாரமே ஊத்தி வச்சிருந்தேன். எல்லாத்துலயும் பிளேடு வச்சு டொக்கு. பாதிய வைஸ்ல பிடிச்சு மெள்ள மெள்ள வளைச்சேன். மீதிக்கு ஒரு மீட்டர் பிவிசி பைப்ப நிக்க வச்சு அதுவழியா ரெண்டு கிலோ எடைக்கல்ல விட்டேன். ஒரு மீட்டர் விழுந்தா செகண்டுக்கு 4.4 மீட்டர் வேகம், படகு வேகத்துக்குப் பக்கம்.

சாதா ரெசின் ரெண்டு விதத்துலயும் 'டிக்', கண்ணாடி. ரப்பர் ரெசின மெதுவா வளைக்கும்போதுதான் வேடிக்க. விரிசல் நுனில முதல்ல ஒரு வெளுப்பு, தண்ணி மோர் சிந்துன மாதிரி, அது பரவிப் பரவி அரைக்கால் அங்குலம் ஆகி அப்புறந்தான் விரிசல் நகர ஆரம்பிச்சுது. இந்த வெளுப்புதான் நான் சொன்ன ஓட்டைங்க, ஆயிரக்கணக்கான பிளந்த துளிங்க வெளிச்சத்த சிதறடிக்குது. பிளாஸ்டிக் பக்கெட் பிடிய மடக்குனா வெள்ள அடிக்குமே, அதுக்கு தூரத்துச் சொந்தம். எடைக்கல் போட்ட ரப்பர் பட்டைல அந்த வெளுப்பு நூல் மாதிரி, விரிசல் கிளம்புன எடத்துல மட்டும். மத்ததெல்லாம் பளபளன்னு. உடைக்க ஆன சத்தமே வேற, மெதுவா உடைஞ்சது 'க்ர்ர்க்', இது 'டக்'.

கூடுதலா ஒண்ணு பண்ணேன். மீன் பெட்டி ஐஸ் வாங்கி வந்து பக்கெட் தண்ணில போட்டு ரப்பர் பட்டைங்கள ஒரு மணி நேரம் ஊற வச்சு, எடுத்த கையோட மெதுவா வளைச்சேன். வெளுப்பு பாதிக்கும் கம்மி. வேகத்தக் கூட்டுறதும் சூட்டக் குறைக்கிறதும் இந்த சாமானுக்கு ஒரே மாதிரி. இத வச்சுத்தான் ஹன்ஸ்டன் மாதிரி ஆளுங்க வெவ்வேற சூட்டுல எடுத்த டஃப்னஸ் கோடுங்கள நகத்தி நகத்தி ஒரே கோட்டுல உக்கார வச்சாங்க. வீட்ல என்னோட கண்டுபிடிப்புக்குக் கிடைச்ச விருது: 'மீன் நாத்தம் அடிக்குது, பக்கெட்ட கழுவி வைங்க.'

ஏப்ரல் 29, காலை 6.45

நேத்து எழுத விட்டது. நாலு பட்டைய மத்தியானம் சிமெண்ட் தரையில வெயில்ல காயப்போட்டு, சூட்டோட எடைக்கல் போட்டேன். வெளுப்பு நல்லா வந்துச்சு, ரெண்டு உடையவே இல்ல. 'பாத்தியா, சூடு ஏறுனா டஃப்னஸ் ஏறுது'ன்னு துள்ளுனேன்.

ஏப்ரல் 29, காலை 8.20

துள்ளல் வாபஸ். சூடுபடுத்தி முத்த வைக்காம சாதாரண வெப்பத்துலயே இறுகுன எபாக்ஸி 50, 55 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சுடும். நம்ம ஊரு சித்திரை வெயில்ல சிமெண்ட் தரை அந்த சூடு தாராளமா போகும். பட்டைய எடுத்து நகத்தால அழுத்துனப்பவே லேசா பதிஞ்சுது, நான் கவனிக்கல. அது டஃப்னஸ் இல்ல, கமர்கட் வெயில்ல கிடந்த கதை. உடையாதுதான், ஆனா பாரமும் தாங்காது. அந்த நாலு பட்டைய கணக்குல சேக்க வேணாம்.

மே 3, ராத்திரி 10.40

மன்னார்குடி நண்பர்: 'வேகம் கூடக் கூட டஃப்னஸ் இறங்கிக்கிட்டே போய் ஜீரோ ஆயிடுமா?'

ஆகாது. ஒரு தரை உண்டு. அந்தத் தரையிலயும் ரப்பர் கலந்தது பொதுவா சாதாவ விட கொஞ்சம் ஒசத்தியாவே நிக்கும். பெரிய வித்தியாசம் இருக்குறது மெதுவான பக்கத்துல: நான் மேல போட்ட கே-ஒன்-சி-ய உடைவு சக்தியா மாத்துனா சாதா எபாக்ஸிக்கு சதுர மீட்டருக்கு 150 ஜூல் பக்கம், ரப்பர் கலந்ததுக்கு 1250 பக்கம் வரும். எட்டு மடங்கு. நல்லா கலந்து பதமா இறுக்குனா இன்னும் மேலயும் போகும். இடி வேகத்துல அந்த எட்டு அப்படியே நிக்கும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது.

இதவிட ருசியான சங்கதி, ரொம்ப ரொம்ப வேகத்துல டஃப்னஸ் மறுபடி ஏறுறதும் உண்டு. விரிசல் நுனில இளகும்போது சூடு பிறக்கும். மெதுவா போனா அந்த சூடு சுத்துப்புறத்துக்குப் போயிடும். வேகமா போனா எபாக்ஸி மாதிரி சூடு கடத்தாத சாமான்ல அது தப்பிக்க நேரமில்ல, நுனியிலயே தேங்கி அந்த எடத்த இளக்கி நுனிய மொண்ணையாக்கும். மொண்ணை நுனின்னா என்னன்னு எங்க கைடு தட்டுன தட்டுல பாத்தோமே. 1980 வாக்குல வில்லியம்ஸ் ஆளுங்க இந்த சூட்டு மொண்ணை விளக்கத்த முன்னாடி வச்சாங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. சுத்தியல் டெஸ்ட்ல வர்ற எல்லா ஏத்தத்தையும் நம்பாதீங்க. அடி விழுந்ததும் பட்டையும் சுத்தியலும் கோயில் மணி மாதிரி அதிரும், விசைக் கோடு மலை மலையா வரும். அதுல எந்த உச்சிய எடுக்குறதுன்னு தெரியாம, பட்டைய நகத்த ஆன விசையையும் உடைக்க ஆன விசைன்னு எழுதிடுவாங்க. நானும் எழுதியிருக்கேன். தீசிஸ் அந்த லைப்ரரியில இன்னும் இருக்கும், யாரும் தேட வேணாம்.

மே 5, மதியம் 2.15

உடைஞ்ச பேட்ச் வந்து சேந்துடுச்சு! நாகப்பட்டினத்துல பஸ் ஏத்தி, கண்டக்டர்கிட்ட சொல்லி, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல நான் போய் வாங்கிக்கிட்டேன். செய்தித்தாள்ல சுத்தி, கருவாட்டோட. கருவாடு பேட்ச்ச விட நல்ல கண்டிஷன்ல இருக்கு. நன்றி மச்சான்.

மே 5, ராத்திரி 11.30

பத்து மடங்கு லென்ஸ் வச்சு ரெண்டு மணி நேரமா பாத்துகிட்டு இருக்கேன், முதல் நாள்லேர்ந்து நான் சொன்ன கதைய மாத்தணும் போல.

நான் எதிர்பாத்தது ஒரே அடில உடைஞ்ச முகம்: கிளம்புன எடத்துல நூல் வெளுப்பு, மத்தது பளபளப்பு. பெரும்பகுதி அப்படித்தான் இருக்கு. ஆனா வெளி ஓரத்துப் பக்கம், கட்டைவிரல் அகலத்துக்குள்ள, வளைஞ்ச வெள்ளைக் கோடு நாலு. குளத்துல தண்ணி வத்த வத்த படித்துறையில கோடு கோடா நிக்குமே, அப்படி. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல பளபளப்பு.

இதுக்கு என்ன அர்த்தம்னா விரிசல் ஒரே ஓட்டமா ஓடல. தாவி, நின்னு, தாவி, நின்னு போயிருக்கு. எபாக்ஸி குடும்பத்துக்கே இந்தத் தாவல் புத்தி உண்டு, சாதா எபாக்ஸியிலயே சில வகைய மெதுவா இழுத்தா தாவும், வேகமா இழுத்தா சீரா ஓடும். தாவுற நேரம் வேகம், அதனால பளபளப்பு. நின்ன எடத்துல நுனிக்கு நிதானமா பாரம் ஏறியிருக்கு, எபாக்ஸி நழுவ நேரம் கிடைச்சிருக்கு, வெளுத்திருக்கு. மெதுவையும் வேகத்தையும் ஒரே துண்டுல எழுதி வச்ச மாதிரி இருக்கு. என் கொல்லை லேப்புல தனித்தனியா எடுத்தது இதுல பக்கத்துல பக்கத்துல கிடக்கு.

ஆக, தூண்டில் வளைவு கல்லு கடைசி அடி மட்டும்தான். அதுக்கு முன்னாடியே விரிசல் உள்ள வந்து நாலு எடத்துல குந்தி எந்திரிச்சிருக்கு. இது என் யூகம்தான், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சா இன்னும் நல்லா சொல்லலாம். நண்பரே, மச்சான்கிட்ட கேளுங்க, அந்த மூணு வாரத்துல வேற எங்கயாவது முட்டுச்சா?

மே 6, காலை 9.10

நண்பர் சொன்னது அப்படியே: 'மச்சான் முதல்ல இல்லவே இல்லன்னாரு. அக்கா வந்து நின்னுச்சு. அப்புறம், ரெண்டு மூணு தடவ அலையில தூக்கிக் கரையில தடால்னு போட்டுச்சு, அதெல்லாம் எல்லாப் படகுக்கும் நடக்குறதுதானேங்கறாரு.'

கோர்ட்ல கூட இவ்வளவு சீக்கிரம் வாக்குமூலம் வராது.

மே 6, ராத்திரி 10.00

அப்ப வேகந்தான் காரணம்னு சொன்ன முதல் பதில் தப்பான்னா, தப்பில்ல, பத்தல. கல்லுல முட்டுன வேகத்துல ரப்பர் பாதி கையைக் கட்டிகிட்டு நின்னுச்சுங்கறது நிஜம். ஆனா அன்னைக்கு அது சந்திச்சது வழவழ பேட்ச் இல்ல, கட்டைவிரல் அகலத்துக்கு கூரான விரிசல் ஏற்கனவே வெட்டி வச்ச பேட்ச். விரிசலும் இருக்கு, வேகமும் இருக்கு. இதுல எது எவ்வளவு பங்குன்னு பிரிக்கச் சொன்னா, மாமியார் மருமக சண்டையில பங்கு பிரிக்கச் சொல்ற மாதிரி.

விரிசல் ஏன் அந்த ஓரத்துலேர்ந்து கிளம்புச்சுன்னு பாத்தேன். பேட்ச் ஓரம் செங்குத்தா வெட்டுனது. படகு உடம்பு பாலியெஸ்டர் ரெசின், அதுல நேரா ஒரு குழி, அதுக்குள்ள எபாக்ஸி. அந்த மூலையே ஒரு கீறல். நான் பிளேடு வச்சு டொக்குனேன், மச்சான் கிரைண்டர் வச்சு டொக்கியிருக்காரு. போதாததுக்கு 15 மில்லி கனத்துக்கு பெரும்பாலும் வெறும் புட்டி, மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ரெண்டே ரெண்டு படலம், அதுவும் மேலாப்புல.

மே 11, சாயங்காலம் 6.30

மச்சானுக்காக, வாட்ஸப்ல வாய்ஸா அனுப்புனத இங்கயும் போட்டுடுறேன். ஓரத்த சரிவா தேயுங்க, ஒரு மில்லி கனத்துக்கு பத்து பன்னெண்டு மில்லி சரிவு. ரப்பர நம்பி கண்ணாடி மேட்ட மிச்சம் பிடிக்காதீங்க, அடிய வாங்குறது மேட்தான். பழைய பாலியெஸ்டர் மேல எபாக்ஸி நல்லாப் பிடிக்கும், நாளைக்கு அந்த எபாக்ஸி மேல பாலியெஸ்டர் போட்டா அவ்வளவு பிடிக்காது, அதனால ஒருதடவ எபாக்ஸின்னா அதுக்கப்புறமும் எபாக்ஸிதான். ஹார்டனர் அளவு கண்ணளவுல வேணாம், தராசு. பாலியெஸ்டர்ல கேட்டலிஸ்ட் (இறுக வைக்க ஊத்துறது) கொஞ்சம் முன்னப்பின்ன போனா சீக்கிரமோ லேட்டாவோ இறுகும். எபாக்ஸில ஹார்டனர் கூடுனா குறைஞ்சா சாமானே வேற ஆயிடும், ரப்பர் துளி பிரியறதும் கெடும்.

இதுல ஒரு முரண் இருக்குன்னு திருத்துறைப்பூண்டி நண்பர் பிடிச்சாரு: மேட் நெருக்கமா போட்டா இழைக்கும் இழைக்கும் நடுவுல எபாக்ஸி சில மைக்ரான்தான் இருக்கும், 43 மைக்ரான் வட்டம் எங்க விரியும்? சரியான பிடி. விரியாது. அதனாலதான் ரெசின் தனியா காட்டுற எட்டு மடங்கு, இழையோட சேந்தா முழுசா வராது. ஒட்டுற பசையிலயும் இதே கதைதான், 1981-ல கின்லாக்கும் ஷாவும் காட்டுனது, பசைப் படலம் அந்த வட்டத்தோட விட்டத்துக்குச் சமமா இருக்கும்போது டஃப்னஸ் உச்சத்துல நிக்குது, அதைவிட மெலிசா போனா இறங்குது. வேகம் கூடுனா வட்டம் சுருங்குது, அதனால உச்சம் நிக்கிற கனமும் சுருங்குது. ஆக இந்தக் கனம்தான் சரின்னு யாராவது சொன்னா, எந்த வேகத்துக்குன்னு திருப்பிக் கேளுங்க. மேட் வேணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் ரெசின் டஃப்னஸ் இல்ல, விரிசல் ஓடுற வழியில இழைங்க குறுக்க நிக்கிறது. அது தனி வித்தை.

மே 11, ராத்திரி

'துளியாவே செஞ்சு விக்கிற ரப்பர் இருக்காமே?' இருக்கு, கோர் ஷெல்னு சொல்றது, உள்ள ரப்பர் வெளிய கெட்டியான ஓடு, மைக்ரான்ல பத்துல ரெண்டு மூணு பங்கு சைஸ். ரெசின்ல கரைஞ்சு பிரியற வேலை இல்லாததால துளி சைஸ் நம்ம கை வாகுக்கு ஏத்த மாதிரி மாறாது. ஆனா வேகத்துக்கு அதுவும் கட்டுப்பட்டதுதான், ஏன்னா நழுவுறது மறுபடி எபாக்ஸி.

ஜூன் 12, ராத்திரி 9.00

மேட்டூர் திறக்குற நாளும் அதுவுமா கடைசித் தகவல். மச்சான் பேட்ச்ச புதுசா போட்டுட்டாரு, சரிவு, ஆறு படலம் மேட், தராசு எல்லாம் சொன்னபடி. பட்டைய கையால வளைச்சுக் காட்டுறத விட்டுட்டாராம். இப்பல்லாம் பட்டைய ரெண்டு செங்கல் மேல வச்சு, மாடிப்படி உச்சியிலேர்ந்து சின்ன நங்கூரத்தப் போட்டுக் காட்டுறாராம், பாக்க கூட்டமே வருதாம். நேத்து போட்ட பட்டை மூணு தடவ போட்டும் உடையல.

கீறல் போட்டீங்களான்னு போன்ல கேட்டேன்.

'நல்லா இருக்குற பட்டைய எதுக்கு சார் கீறணும்?'ங்கறாரு.